கொதிக்க வைத்த ஈரல் நுரைக்கவில்லை, மாத்திரையில் இருக்கிற நொதி மட்டும் கெடாதாமே?

பகுதி: அறிவியல் பேச்சு / சுங்கை சிப்புட் வட்டாரம்

செம்பருத்தி டீச்சர் · திங்கள், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். ஒரே வாரத்தில் இரண்டு சம்பவம் நடந்து, இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு அறிவியல் விழாவுக்கு ஒத்திகை பார்த்தேன். காலைச் சந்தையில் வாங்கிய கோழி ஈரல், பார்மசியில் வாங்கிய 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சவர்க்காரம். பச்சை ஈரல் போட்ட குழாயில் நுரை பொங்கி, வாயைத் தாண்டி மேசையில் வழிந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் கொதிக்க வைத்த ஈரலோ அடியில் கல்லுப் போலக் கிடந்தது. "சூட்டில் நொதி கெட்டுவிடும்" என்று வெண்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்தேன்.

நேற்று ஞாயிறு. பக்கத்து வீட்டு அத்தை என் அம்மாவை ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். மாத்திரை விற்கும் கூட்டம். ஒரு பெட்டி 180 வெள்ளி. உள்ளே இருப்பது எஸ்.ஓ.டி. என்ற நொதியாம், உடம்பில் பிடிக்கும் துருவை எடுக்குமாம். மேடையில் ஒருவர் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்தைச் சொட்டினார், மாத்திரையை நுணுக்கிப் போட்டுக் கலக்கினார், தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. ஒரு பாட்டி எழுந்து, "இதைச் சூடான தே-ஓவில் (பாலில்லாத தேநீரில்) கலக்கலாமா?" என்று கேட்டாராம். "கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் எங்கள் நொதி கெடாது" என்று பதில் வந்திருக்கிறது. அம்மா ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நான் சொன்னது பொய்யா, மேடையில் அவர் சொன்னது பொய்யா?


தே தாரிக் தம்பி · திங்கள், இரவு 9.50

180 வெள்ளிக்கு வருசம் முழுக்க ஈரல் பிரட்டல் சாப்பிடலாம் டீச்சர்.


கையுறைக்காரன் · திங்கள், இரவு 10.35

டீச்சர், நீங்கள் சொன்னது சரி. அவர் சொன்னதில் அந்தச் சூட்டு விஷயம் மட்டும் முக்கால்வாசி சரி. மற்றதை அப்புறம் பேசுவோம். நான் கையுறை தொழிற்சாலை லேபில் வேலை செய்கிறேன், படித்தது உயிர்வேதியியல். இந்த எஸ்.ஓ.டி.யோடு ஒரு செமஸ்டர் முழுக்கக் குடித்தனம் நடத்தியவன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஈரலில் நுரை வரவைத்தது கேட்டலேஸ் என்ற நொதி, அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். மாத்திரைக்காரர் சொன்னது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்.ஓ.டி. இரண்டும் ஒரே லயத்தில் குடியிருக்கிற வேறு வேறு குடும்பங்கள். நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளியில் கொஞ்சம் வழிதவறி, கூடுதலாக ஒரு எலெக்ட்ரானை ஏந்திக்கொண்டு சூப்பராக்சைடு ஆகிவிடும். எஸ்.ஓ.டி. அப்படிப்பட்ட இரண்டைப் பிடித்து, ஒன்றைப் பழையபடி உயிர்வளியாக்கும், இன்னொன்றை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். அந்தப் பெராக்சைடைத் தண்ணீரும் உயிர்வளியுமாக உடைப்பது கேட்டலேஸ். உங்கள் மேசையில் வழிந்தது அந்த இரண்டாவது வேலை.

கேட்டலேஸின் கட்டமைப்பைப் பாருங்கள். நான்கு துண்டுகள் ஒன்றின் கையை ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும், ஒடுக்கமான சந்தின் கடைசியில் ஒரு ஹீம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற அதே வகை ஹீம்தான். ஹீமைத் தனியாக எடுத்துப் பெராக்சைடில் போட்டாலும் குமிழி வரும், ஆனால் சோம்பேறித்தனமாக வரும். புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஒரே மூலக்கூறு ஒரு விநாடியில் பல லட்சம் பெராக்சைடை உடைத்துத் தள்ளும். கொதித்த ஈரலிலும் இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த அறை இடிந்துவிட்டது, அவ்வளவுதான். 60 டிகிரியைத் தாண்டினாலே இந்த அறை ஆட்டம் காணும்.

எஸ்.ஓ.டி. அப்படி இல்லை. நாங்கள் அதை மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தோம். சிவப்பணுக்களை உடைத்து, அதில் எத்தனாலும் குளோரோபார்மும் ஊற்றிக் குலுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் குடுவைக்குள் இருந்த சிவப்பு முழுக்கச் சாக்லேட் நிறத்தில் திரிந்துபோனது, புளித்த பால் மாதிரி கட்டி கட்டியாக. ஹீமோகுளோபின் செத்து அடியில் இறங்கிவிட்டது. மேலே நின்ற தெளிந்த நீரில் எங்கள் எஸ்.ஓ.டி. ஒரு கீறலும் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தது. ரத்தத்தில் இருக்கிற பெரும்பாலான புரதங்கள் செத்துப்போகிற விஷத்தில் இது குளித்துவிட்டு வருகிறது. 8 மோலார் யூரியாவில் போட்டாலும் வேலை செய்யும். சாதாரணப் புரதத்துக்கு அந்த அளவு யூரியா என்றால் சமாதிதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1938-இலேயே மானும் கெய்லினும் இந்த நீலப்பச்சைப் புரதத்தை மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். செம்பு இருக்கிறது என்று தெரியும், எதற்கு இருக்கிறது என்று தெரியாது. முப்பது வருசம் ஏதோ செம்புப் பானை என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் பிரிடோவிச்சும்தான் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள்.


ஆறாம்படிவக்காரி · திங்கள், இரவு 11.05

அண்ணே, ஒரு சந்தேகம். இரண்டுமே புரதம்தானே, இரண்டும் அமினோ அமிலச் சங்கிலிதானே? ஒன்று 60-இல் சாகிறது, ஒன்று குளோரோபார்மில் குளிக்கிறது. பாடநூலில் "சூட்டில் நொதி இயல்பிழக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் சோதனை, அதையே எழுதி வைக்கவா?


கையுறைக்காரன் · செவ்வாய், காலை 6.20

சோதனையில் பாடநூல் வரியை எழுது தங்கச்சி, மதிப்பெண் முக்கியம். இங்கே உண்மையைப் பேசுவோம். இன்னும் நைட் ஷிப்டில்தான் இருக்கிறேன், கோப்பி வேறு ஆறிவிட்டது.

நம் உடம்பில் இருக்கும் செம்பு-துத்தநாக எஸ்.ஓ.டி. சின்னப் புரதம். ஒரு பாதியில் 153 அமினோ அமிலம். இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு முழு நொதி. ஒவ்வொரு பாதியும் எட்டு நாடாக்களை வளைத்துக் கட்டிய பீப்பாய் மாதிரி இருக்கும். நாடாக்கள் பக்கம் பக்கமாக நின்று ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பீப்பாயின் வயிற்றில் எண்ணெய்த் தன்மையுள்ள பக்கங்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கும், தண்ணீர் நுழைய இடமில்லை. இது முதல் கட்டு.

இரண்டாவது, 57-ஆம் இடத்துச் சிஸ்டீனையும் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) 146-ஆம் இடத்துச் சிஸ்டீனையும் பிணைக்கிற கந்தகப் பாலம். செல்லுக்குள் இருக்கிற சூழல் இந்த மாதிரிப் பாலங்களை வெட்டிப் போடுகிற சூழல், அங்கே வாழ்கிற புரதங்களில் இது அபூர்வம். எஸ்.ஓ.டி. மட்டும் விடாப்பிடியாக வைத்திருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய ஒரு வளையத்தை இந்தப் பாலம் பீப்பாயோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. அந்த வளையம்தான் இரண்டு பாதியும் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை அவிழ்த்தால் ஜோடியும் தளர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரிசு: உலோகம். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு செம்பு, ஒரு துத்தநாகம். மாட்டு எஸ்.ஓ.டி. இரண்டு உலோகத்தோடும் இருந்தால் 90 டிகிரியை ஒட்டித்தான் அவிழும். உலோகத்தை உருவிவிட்டால் 60-ஐ ஒட்டியே அவிழ்ந்துவிடும். அதே சங்கிலி, அதே 60 டிகிரி. கேட்டலேஸ் தடுமாறுகிற அதே இடத்துக்கு இதுவும் இறங்கி வந்துவிடுகிறது பார்த்தாயா?

செம்பு வேலைக்காரன், துத்தநாகம் கங்காணி. செம்புதான் எலெக்ட்ரானை வாங்கிக் கொடுக்கிறது, துத்தநாகம் இடத்தைக் கட்டிக் காக்கிறது. அவ்வளவுதான்.


பழைய கிராணி · செவ்வாய், காலை 8.15

தம்பி, பீப்பாய் என்றதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோட்டத்து ஸ்டோரில் மரப் பீப்பாய்கள் கிடந்தன. பலகைகளை ஆணியே இல்லாமல் இரும்பு வளையம்தான் பிடித்து வைத்திருக்கும். வளையம் துருப்பிடித்து அறுந்ததென்றால், அடுத்த வெயிலில் பலகை ஒவ்வொன்றும் தனித்தனியாக விரிந்து பூ மாதிரி கிடக்கும். பலகை என்னவோ நல்ல பலகைதான். நீ சொல்கிற துத்தநாகம் அந்த வளையம் மாதிரியா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உயிர்வளித் துரு என்று பேசுகிறீர்கள். நன்றாகப் பால் வந்த ரப்பர் மரம் திடீரென்று வறண்டுபோகும். உளி படும் பட்டை உள்ளே பழுப்பேறியிருக்கும். அதிகமாக மருந்து பூசிய நிரைகளில்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?


ஆறாம்படிவக்காரி · செவ்வாய், மதியம் 2.40

ஐயா சொன்ன பீப்பாய் அழகு. ஆனால் அண்ணே, "செம்பு வேலைக்காரன், துத்தநாகம் கங்காணி, அவ்வளவுதான்" என்று முடித்தீர்களே, படம் தேடிப் பார்த்தேன். 63-ஆம் இடத்து ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு கையால் செம்பையும் மறு கையால் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் துத்தநாகம் வேலையிலும் தலையிடத்தானே செய்யும்?


கையுறைக்காரன் · செவ்வாய், இரவு 8.30

மாட்டிக்கொண்டேன். தங்கச்சி சொன்னது சரி, நான் ரொம்பச் சுருக்கிவிட்டேன். செம்பை நான்கு ஹிஸ்டிடின் பிடிக்கும்: 46, 48, 63, 120. துத்தநாகத்தை 63, 71, 80 ஹிஸ்டிடின்களும் 83-ஆம் இடத்து அஸ்பார்ட்டேட்டும் பிடிக்கும். 63 இருவருக்கும் பொது. செம்பு எலெக்ட்ரான் வாங்கும் நேரத்தில் அந்த 63-இன் பிடி செம்புப் பக்கம் விடுபடும், திருப்பிக் கொடுத்ததும் மறுபடி பிடிக்கும். துத்தநாகம் மறுபக்கம் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் இந்த விடுதலும் பிடித்தலும் ஒழுங்காக நடக்கிறது. துத்தநாகத்தை எடுத்தாலும் கொஞ்சம் வேலை நடக்கும், ஆனால் கார நிலையில் சுருண்டுவிடும். ஆகவே கங்காணியும் கையில் உளி வைத்திருக்கிறார்.

ஐயா, வளையம் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வகுப்பெடுத்தால் திருடிக்கொள்வேன்.

மரத்து விஷயத்துக்குச் சம்பந்தம் உண்டு. பால் சுரப்பைத் தூண்டும் எத்திபோன் மருந்தை அளவுக்கு மீறிப் பூசி, அடிக்கடி வெட்டினால், பட்டைக்குள் பால் குழாயில் இந்தச் சூப்பராக்சைடு வகையறா பெருகும். பாலுக்குள் லூட்டாய்டு என்று நுண்ணிய பைகள் மிதக்கும், அவற்றின் தோல் கிழியும், உள்ளே இருக்கிற சரக்கு கொட்டி, மங்குக்கு (பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு) வர வேண்டிய பால் மரத்துக்குள்ளேயே உறைந்துவிடும். கோட்டயத்தில் இருக்கிற இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் ரப்பர் மரத்தின் மாங்கனீஸ் எஸ்.ஓ.டி. மரபணுவையே கூடுதலாகப் புகுத்திக் கன்று வளர்த்தார்கள். 2021 ஜூனில் அப்படிப்பட்ட கன்றை அசாமில் குவாஹாட்டிக்குப் பக்கத்தில் நட்டார்கள், வடகிழக்குக் குளிரைத் தாங்குமா என்று பார்க்க.

இந்த மாங்கனீஸ் எஸ்.ஓ.டி. வேறு ஜாதி. வேலை அதேதான், உருவத்தில் துளிகூட ஒற்றுமை கிடையாது. பீப்பாய் இல்லை, செம்பு இல்லை. மனிதனில் நான்கு துண்டு சேர்ந்து செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உட்கார்ந்திருக்கும். என் தொழிலுக்கும் இதோடு தகராறு உண்டு. ரப்பர் பாலில் இருக்கிற மாங்கனீஸ் எஸ்.ஓ.டி.யை ஒவ்வாமைப் பட்டியலில் "ஹெவ் பி 10" என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள். ரப்பர் கையுறையைத் தண்ணீரில் பல முறை அலசிப் புரதத்தைக் கழுவுவதும், நிறையப் பேர் செயற்கை ரப்பரான நைட்ரைலுக்குப் போனதும் இந்த மாதிரிப் புரதங்களால்தான்.


தே தாரிக் தம்பி · செவ்வாய், இரவு 9.00

எனக்கு ஒன்று மட்டும் புரிகிறது. கெட்டியான நொதி நல்ல நொதி. அப்போ மாத்திரைக்காரர் பாதி ஜெயித்துவிட்டார் போல.


கையுறைக்காரன் · செவ்வாய், இரவு 10.10

இல்லை தம்பி. இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம், நானும் விழுந்தேன். கெட்டியாக நிற்பது ஒரு குணம், வேகமாக வேலை செய்வது இன்னொரு குணம். ஒரே உருவத்தில் இரண்டும் குடியிருந்தாலும் வேறு வேறு மூலையில் குடியிருக்கின்றன.

எஸ்.ஓ.டி.யின் வேகம் பீப்பாயிலிருந்து வருவதில்லை. செம்பு ஒரு புனலின் அடியில் இருக்கிறது. சூப்பராக்சைடுக்கு எதிர்மின்னூட்டம். மாட்டு எஸ்.ஓ.டி.யை மொத்தமாகப் பார்த்தால் அதற்கும் எதிர்மின்னூட்டம்தான், ஒன்றையொன்று தள்ளிவிட வேண்டும். ஆனால் அந்தப் புனல் வாயைச் சுற்றி மட்டும் நேர்மின்னூட்ட அமினோ அமிலங்களை வைத்திருக்கிறது. 143-ஆம் இடத்து ஆர்ஜினின் செம்புக்கு மேலேயே காவல் நிற்கிறது. மீன் கூண்டு மாதிரி, வாய்க்கு வந்ததை வழிகாட்டி உள்ளே இறக்கிவிடும். அதனால் வேகம் ஒரு மோலாருக்கு விநாடிக்கு ஏறக்குறைய 200 கோடி. சூப்பராக்சைடு தண்ணீரில் நீந்தி வரும் வேகத்தையே கிட்டத்தட்ட எட்டிவிட்ட வேகம் இது. 1992-இல் கெட்சாப் என்ற அம்மையார் குழுவினர் புனல் ஓரத்தில் இருந்த எதிர்மின்னூட்ட குளூட்டமேட்டை மாற்றிப் பார்த்தார்கள், இன்னும் வேகம் கூடியது! பீப்பாயில் கை வைக்கவே இல்லை.

பீப்பாய் இறுக்கமாக இருக்க வேண்டும், புனல் ஓரத்து வளையங்கள் கொஞ்சம் நெளிய வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டால் வேலை நிற்கும். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டால் உருவமே இருக்காது.

இதற்கு நேர் எதிர்ச் சான்றும் உண்டு, கொஞ்சம் சோகமானது. ஏ.எல்.எஸ். என்ற நோயில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் சாகும். சில குடும்பங்களில் அது வழிவழியாக வருவதற்குச் செம்பு-துத்தநாக எஸ்.ஓ.டி. மரபணுவில் உள்ள பிழை காரணம் என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். நொதி வேலை செய்யாததால்தான் நோய் என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், 93-ஆம் இடத்து கிளைசின் அலனினாக மாறிய வகை வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதை அளவுக்கு மேல் சுமக்கிற எலிக்கு நோய் வந்துவிடுகிறது. இந்த எஸ்.ஓ.டி.யே இல்லாத எலிக்கு அந்த நோய் வருவதில்லை. நோயைக் கொண்டு வருவது தப்பாக மடிந்து கட்டி கட்டியாக ஒட்டும் புரதம். 4-ஆம் இடத்து அலனின் வாலினாக மாறினால் இரண்டு பாதி சேரும் இடம் தளர்கிறது, அந்த வகை ரொம்பக் கொடியது. வேலை நன்றாக நடக்கிறது என்பதால் நொதி நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.


ஆறாம்படிவக்காரி · செவ்வாய், இரவு 10.45

அப்போ யாராவது ஒரே ஓர் இடத்தை மாற்றி இன்னும் கெட்டியாக்கியிருக்கிறார்களா?


கையுறைக்காரன் · செவ்வாய், இரவு 11.20

உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. இமயமலையில் பொட்டென்டில்லா என்ற செடி. பனியிலும் வாழும், வெயிலிலும் வாழும். அதன் எஸ்.ஓ.டி.யை ஆட்டோகிளேவில், அதாவது 121 டிகிரி அழுத்த நீராவியில் வைத்தாலும் வேலை மிஞ்சும். இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் ஆய்வகத்தார் அதில் 95-ஆம் இடத்துச் சிஸ்டீனை எடுத்துவிட்டு அலனினை வைத்தார்கள், சூடு தாங்கும் திறன் இன்னும் கூடியது. 2012-இல் வெளியிட்டார்கள்.

ஏன் தெரியுமா? அந்தச் சிஸ்டீனுக்குப் பாலம் போட ஜோடி இல்லை. தனியாக நிற்கும் கந்தகம் கையில் ஒட்டுப்பால் பூசிய பிள்ளை மாதிரி. சூடேறி உருவம் கொஞ்சம் நெகிழும்போது கண்டதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆறினாலும் பழைய மடிப்புக்குத் திரும்ப முடியாது. மனித எஸ்.ஓ.டி.யில் 6, 111 இரண்டும் இதே மாதிரித் தனிச் சிஸ்டீன்கள். அவற்றை மாற்றியபோதும் இதே பலன்தான். ஜோடியுள்ள சிஸ்டீன் கட்டுகிறது, ஜோடியில்லாதது கெடுக்கிறது. ஒரே அமினோ அமிலம்!

ஆகவே டீச்சர், தே-ஓ சூட்டில் மாட்டு எஸ்.ஓ.டி. தாக்குப்பிடிக்கும். பொங்கும் தண்ணீரில் போட்டு நெடுநேரம் வைத்தால் அதுவும் போய்விடும். எந்தச் செடி, எந்த விலங்கு என்று சொல்லாமல் "கொதித்தாலும் கெடாது" என்பது பாதிப் பேச்சு.


மருந்துக்கடை அக்கா · புதன், காலை 11.30

இழை முழுக்கப் படித்தேன், ஒருவரும் வயிற்றைப் பற்றிப் பேசவில்லையே! மாத்திரையைத் தே-ஓவுக்கா கொடுக்கப் போகிறோம், அம்மாவுக்குத்தானே?

தம்பி சொன்ன மூன்று கட்டையும் வயிற்றுக்குள் வைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். 4-க்குக் கீழே போனாலே ஹிஸ்டிடின்கள் அமிலத்தின் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகத்தைப் பிடித்திருக்கக் கை இருக்காது. கழன்றுவிடும். கிராணி ஐயாவின் வளையம் அறுந்தாயிற்று. அடுத்து புரதத்தைச் செரிக்கும் பெப்சின் வந்து பலகையை நறுக்கும். எஸ்.ஓ.டி.க்குச் சூடு பழக்கப்பட்ட எதிரி, அமிலம் வேறு எதிரி. ஒன்றைத் தாங்குவதால் மற்றதையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சரி, அப்படியே முழுசாகத் தப்பிக் குடலுக்குப் போனாலும் அதன் எடை 32,000 டால்டன். அந்தப் பருமனில் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது. நேற்றுச் சாப்பிட்ட கோழிக்கறி எந்த வழியில் போனதோ அந்த வழிதான், அமினோ அமிலமாக. மாட்டு எஸ்.ஓ.டி.யை ஒரு காலத்தில் ஆர்கோட்டீன் என்ற பெயரில் மூட்டுவலிக்கு ஊசியாகவே போட்டார்கள். ஊசியில் போனதைக்கூடச் சிறுநீரகம் சில நிமிடங்களில் வடிகட்ட ஆரம்பித்துவிடும், அவ்வளவு சின்ன உருவம். கெட்டியாக இருந்தும் என்ன, தங்க இடமில்லை.

அப்புறம் அந்தக் குவளை வித்தை. அந்தப் பழுப்புப் புண் மருந்தில் இருப்பது அயோடின். எஸ்.ஓ.டி. அயோடினைத் தெளிய வைக்காது, அதன் வேலையே அது இல்லை. அயோடினின் நிறத்தை எடுப்பது வைட்டமின் சி. பழுப்பு அயோடின் எலெக்ட்ரான் வாங்கி நிறமற்ற அயோடைடு ஆகிவிடும். என் கடையில் மிகவும் மலிவான வைட்டமின் சி மாத்திரை எடுத்துப் போடுங்கள், இதே கைதட்டல் கிடைக்கும். டீச்சர், பெட்டியின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது?


தே தாரிக் தம்பி · புதன், காலை 11.41

அக்கா ஸ்டாலுக்கு வந்தால் ஒரு தே தாரிக் என் கணக்கு.


பழைய கிராணி · புதன், மதியம் 1.05

1980-களில் என் மனைவிக்கும் ஒருவர் இப்படி ஒரு பொடி விற்றார். அப்போது குவளை வித்தை இல்லை, காந்தம் வைத்திருந்தார். காலத்துக்கேற்ப முன்னேறியிருக்கிறார்கள்.


செம்பருத்தி டீச்சர் · சனி, மாலை 5.50

பதில் போடத் தாமதமாகிவிட்டது. அதற்குள் இரண்டு வேலை பார்த்தேன்.

முதல் வேலை, ஈரலை மறுபடி செய்தேன். இந்த முறை வெப்பமானி வைத்துக்கொண்டு, விரல் நுனி அளவுத் துண்டுகளாக நறுக்கி, 40, 60, 80 பாகையில் ஐந்தைந்து நிமிடம். 40 பாகைத் துண்டு பச்சை ஈரல் மாதிரியே பொங்கியது. 60 பாகைத் துண்டில் நுரை குழாயின் பாதிக்குக்கூட வரவில்லை. 80 பாகைத் துண்டு சும்மா இருந்தது. ஆனால் ஒரு மாணவி பெரிய துண்டு ஒன்றைத் திருட்டுத்தனமாக 80-இல் போட்டு, எடுத்து நடுவில் வெட்டிப் பெராக்சைடில் இறக்கினாள். வெளியே சாம்பல் நிறம், ஒரு குமிழி இல்லை. வெட்டிய முகத்தின் நடுவில் இன்னும் ரோஸ் நிறமாக இருந்த சின்ன வட்டத்திலிருந்து மட்டும் ஊசி மாதிரி குமிழி எழும்பியது. சூடு எதுவரை போனது என்று ஈரலே கோடு போட்டுக் காட்டிவிட்டது. விழாவுக்கு அந்தத் துண்டையே வைக்கப் போகிறோம்.

வெண்பலகையில் எழுதியதையும் அழித்துவிட்டு, "கேட்டலேஸ் இந்தச் சூட்டில் கெடும், சில நொதிகள் கெடா" என்று எழுதினேன். "எது கெடாது டீச்சர்?" என்று உடனே கேள்வி வந்தது. கிராணி ஐயாவின் பீப்பாயைப் படம் போட்டுக் காட்டினேன். ஐயா, இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் மரப் பீப்பாயைப் பார்த்ததில்லை. அதை விளக்கவே பாதிப் பாடவேளை போய்விட்டது.

இரண்டாவது வேலை அம்மாவோடு. சமையல் மேசையில் மூன்று குவளை வைத்து, மூன்றிலும் அயோடின் சொட்டினேன். ஒன்றில் அம்மாவின் மாத்திரை, ஒன்றில் அக்கா கடை வைட்டமின் சி, ஒன்றில் அரை எலுமிச்சம்பழச் சாறு. மாத்திரைகள் போட்ட இரண்டும் உடனே தெளிந்தன. எலுமிச்சை இன்னொரு பிழி கேட்டது, அப்புறம் அதுவும் தெளிந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினார். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. இரண்டாவது வரியில் அஸ்கார்பிக் ஆசிட். எஸ்.ஓ.டி. ஆறாவது வரியில், எந்த விலங்கு, எந்தச் செடி, எவ்வளவு என்று ஒன்றும் போடவில்லை.


மருந்துக்கடை அக்கா · சனி, மாலை 6.15

அஸ்கார்பிக் ஆசிட் என்றால் வைட்டமின் சியேதான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டீர்களா?


செம்பருத்தி டீச்சர் · சனி, மாலை 6.40

அத்தையிடம் கேட்டோம். பிரித்த பெட்டியை எடுக்க மாட்டார்களாம். மீதம் 52 மாத்திரை இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோகிறேன், ஆறாம் ஆண்டுக்கு அயோடின் சோதனை செய்ய ஆகும்.